மோட்டர் வீட்டுக் கழிப்பறையில் நீலத் திரவத்துக்குப் பதிலாக எதை ஊற்றலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் வசிக்கும் நீங்கள் பழைய ஹயஸ் வான் ஒன்றைக் குடும்பமாகத் தங்கிப் பயணம் செய்யக்கூடிய மோட்டர் வீடாக மாற்றியிருக்கிறீர்கள். லண்டனில் உள்ள மைத்துனர் அனுப்பிய, அடித்தாங்கியைக் கழற்றி எடுத்துச் சென்று வெறுமையாக்கும் வகைக் கழிப்பறை அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. நாற்றம் எழாமல் இருக்கத் தாங்கிக்குள் ஊற்றவென்று அதனுடன் வந்த நீலத் திரவத்தில் அரைப் போத்தல்தான் மிச்சம். ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு பேர் நுவரெலியாவுக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் செல்ல இருக்கிறீர்கள். சலவைத் திரவம், வினாகிரி, அப்பச்சோடா, ஹார்பிக் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, இவற்றில் எதை எவ்வளவு ஊற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கான பதில் இதுதான்: வெறும் தாங்கியில் இரண்டு லீற்றர் தண்ணீரும் அதில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலமும் போதும், விரும்பினால் நுரை குறைந்த சலவைத் திரவத்தில் இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம், இரண்டாம் நாள் முடிவதற்குள் தாங்கியை வெறுமையாக்க வேண்டும், ஹார்பிக்கையும் குளோரீன் உள்ள எதையும் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. ஆனால் இந்த அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், ஏதாவது ஒன்று பிசகும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள். ஆகவே காரணங்களையும் சொல்கிறேன்.

நீலத் திரவம் மலத்தைக் கரைப்பதற்கான மருந்து என்றே பலர் எண்ணுகிறார்கள். பழைய வகைத் திரவங்களின் முதன்மை வேலை கரைப்பது அன்று, பற்றீரியாக்களைக் கொன்று கழிவைப் பதப்படுத்தி வைப்பதுதான். ஆய்வுகூடத்தில் தவளையையும் பாம்பையும் போத்தலில் பாதுகாக்கும் போமலின் எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையைத்தான் அவற்றில் சேர்க்கப்படும் போமல்டிகைட்டும் செய்கிறது. அது புரதங்களைப் பிணைத்து விறைக்கச் செய்வதால் பற்றீரியா செத்துப்போகிறது. பற்றீரியா இல்லாத இடத்தில் அழுகலும் இல்லை, வாயுவும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் போமல்டிகைட்டை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அதன் பிறகு பல உற்பத்தியாளர்கள் நொதியங்களையும் நைத்திரேற்று உப்புகளையும் கொண்ட பச்சைத் திரவங்களின் பக்கம் திரும்பினார்கள். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் போத்தலின் லேபலைப் படித்தால்தான் சொல்ல முடியும். 'மருந்துக்கடையில் போமலின் வாங்கிக் கலந்தால் மலிவாக முடியுமே' என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூடிய வானுக்குள் பிள்ளைகள் தூங்கும்போது அந்த ஆவியைச் சுவாசிக்க வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இங்கிலாந்தில் இருந்து வரும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம். அங்கே கோடையிலும் இரவில் 12, 13 பாகைக்கு இறங்கிவிடும். கொழும்பில் ஓகஸ்ட் மாதத்து நள்ளிரவிலும் 25 பாகை அளவில் நிற்கும். வெயிலில் நிறுத்தி மூடிய வானுக்குள்ளோ 40 பாகையைத் தாண்டும். பத்துப் பாகை கூடினால் பற்றீரியாக்களின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற பொதுவிதியை வைத்துப் பார்த்தால், அங்கே நான்கு நாளில் வரும் நாற்றம் இங்கே ஒன்றரை நாளில் வந்துவிடும். இரண்டாவது காரணம் தண்ணீர். அவர்கள் கடதாசி பாவிக்கிறார்கள், நாம் கழுவுகிறோம். உங்களுடைய தாங்கி 20 லீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேரின் சிறுநீர் நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வரும். ஒவ்வொரு முறையும் கால் லீற்றர் தண்ணீர் இறைத்தாலும் இருபது தடவைக்கு இன்னொரு ஐந்து லீற்றர். கழுவும் தண்ணீர் குறைந்தது மூன்று லீற்றர். ஆக, நாளொன்றுக்கு 13 லீற்றர். தாங்கி ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். நீலத் திரவம் தரும் நான்கைந்து நாள் காவலால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் அதற்கு முன்பே நீங்கள் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவைப்படுவது ஒன்றரை நாள் மட்டும் தாக்குப்பிடிக்கும் ஓர் ஏற்பாடு. அதைச் சமையலறைப் பொருட்களால் செய்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி.

இனி நாற்றத்தைப் பார்ப்போம். கழிப்பறை நாற்றம் என்பது ஒரே நாற்றம் அன்று. கண்ணையும் மூக்கையும் கரிக்கும் அமோனியா சிறுநீரில் இருந்து வருகிறது. கூழ்முட்டை மணம் கொண்ட ஐதரசன் சல்பைட்டு ஒட்சிசன் இல்லாத அடிப்பகுதியில் இருந்து வருகிறது. இவற்றுடன் மலத்துக்கே உரிய இந்தோல், ஸ்கற்றோல் முதலியவையும் சேர்கின்றன. புதிய சிறுநீருக்குப் பெரிதாக மணமில்லை. அதிலுள்ள யூரியாவைப் பற்றீரியாக்களின் யூரியேசு என்ற நொதியம் உடைக்கும்போதுதான் அமோனியா பிறக்கிறது; அப்போது திரவம் காரத்தன்மை அடைந்து, பிஎச் ஒன்பதை நெருங்குகிறது. தாங்கியின் சுவரில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கல்போலப் படியும் கறையும் அந்தக் காரத்தன்மையின் விளைவே.

சித்திரிக் அமிலம் இங்கேதான் உதவுகிறது. அமிலத்தில் அந்த நொதியம் மந்தமாகிறது, பிறந்த கொஞ்ச அமோனியாவும் ஆவியாகாமல் உப்பாகத் திரவத்திலேயே தங்கிவிடுகிறது, கறையும் படிவதில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் சிறுநீரில் உள்ள யூரியா முழுவதும் உடைந்தால் வரும் அமோனியாவை நடுநிலையாக்க 50 கிராம் சித்திரிக் அமிலம்கூட வேண்டியிருக்கும். ஒரு மேசைக்கரண்டி என்பது 15 கிராம் அளவுதான். ஆகவே அமிலம் அமோனியாவோடு சண்டை பிடித்து வெல்லப்போவதில்லை; அமோனியா பிறப்பதைத் தள்ளிப்போடத்தான் அதனால் முடியும். அதனால்தான் அதை முதலிலேயே, வெறும் தாங்கியில் போட வேண்டும் என்கிறேன். நாற்றம் எழுந்த பிறகு இரண்டு மூன்று கரண்டி அள்ளிப் போட்டால் காரமான திரவத்தோடு சேர்ந்து பொங்கி வாயுவைக் கிளப்பும். மணம் குறைவதற்குப் பதிலாக ஒரு நிமிடம் கூடுவதையும் காண்பீர்கள். இரண்டாம் நாள் காலையில், நாற்றம் தொடங்கு முன்னரே, இன்னோர் அரை மேசைக்கரண்டி சேர்ப்பது நல்லது.

வினாகிரியும் இதே வேலையைச் செய்யும். கணக்குப் பார்த்தால், ஐந்து வீத வினாகிரியில் கால் லீற்றர் ஒரு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலத்துக்குச் சமம். ஆனால் அது இடத்தைப் பிடிக்கும், வானுக்குள் அச்சாறுப் பேணியைத் திறந்து வைத்ததுபோல் மணக்கும், தென்னை வினாகிரி என்றால் விலையும் கூட. கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் சித்திரிக் அமிலம் பளிங்காகவே கிடைக்கிறது. சின்னப் பைக்கற் ஒன்று முழுப் பயணத்துக்கும் போதும். தேசிக்காய் பிழிந்துவிடலாமா என்று என் அக்கா ஒருமுறை கேட்டார். ஒரு தேசிக்காயின் சாற்றில் சித்திரிக் அமிலம் ஒரு கிராம் அளவுதான் இருக்கும். விலை ஏறிக் கிடக்கும் நாட்களில் ஒரு தடவைக்குப் பதினைந்து தேசிக்காய் போடுவதைவிட விமானத்தில் நீலத் திரவம் வரவழைப்பது மலிவு. புளி, கொறுக்காய் முதலியனவும் அமிலம்தான். ஆனால் அவற்றின் சதையும் சர்க்கரையும் பற்றீரியாவுக்கு விருந்து.

அமிலத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது அமோனியாவைக் கட்டிப்போடும் அதே வேளையில் ஐதரசன் சல்பைட்டை அவிழ்த்துவிடும், ஏனெனில் அந்த வாயு காரத்தில் கரைந்திருக்கும், அமிலத்தில் வெளியேறும். ஆகவே அமிலம் போட்ட தாங்கியை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்தால் மூக்கைக் கரிக்கும் மணம் இல்லாவிட்டாலும் கூழ்முட்டை மணம் எழும். அப்போது இன்னும் அமிலம் தேவை என்று எண்ணுவது தவறு. தாங்கியைக் காலி செய்யும் நேரம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

சலவைத் திரவத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் சலவைத் திரவங்கள் நொதியம் உள்ளவை, இல்லாதவை என இரு வகையாகப் பிரித்து விற்கப்படுகின்றன. அங்கே மோட்டர் வீடு வைத்திருப்பவர்களில் பலர் பல ஆண்டுகளாக நொதியம் உள்ள 'பயோ' வகையை 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை ஊற்றிவருகிறார்கள். அதிலுள்ள புரத்தியேசு புரதத்தையும் இலிப்பேசு கொழுப்பையும் அமிலேசு மாப்பொருளையும் உடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நொதியங்கள் துணி துவைக்கும் காரமான நீரில் வேலை செய்வதற்கென்று தெரிவு செய்யப்பட்டவை. நீங்கள் சித்திரிக் அமிலமும் போட்டால் அவை பாதி தூங்கிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடும்போது சலவைத் திரவத்திடம் நொதியத்தின் வேலையை எதிர்பார்க்காதீர்கள். தாங்கியின் சுவரில் கழிவு ஒட்டாமல் இருக்கவும், கடதாசி நனைந்து பிரியவும், கொஞ்சம் வாசனை தரவும் அது உதவும். என் அனுபவத்தில் அந்த ஒட்டாத தன்மையே பெரிய உதவி, ஏனெனில் வெறுமையாக்கும்போது இரண்டு தடவை அலசினால் தாங்கி சுத்தமாகிவிடுகிறது.

முன்பக்கத்தால் துணி போடும் இயந்திரங்களுக்கென்று விற்கும் நுரை குறைந்த திரவத்தையே வாங்குங்கள். சாதாரணத் திரவத்தை ஊற்றிவிட்டு அவிசாவளை வீதியின் குலுக்கலில் இரண்டு மணி நேரம் ஓடினால், தாங்கி முழுவதும் நுரையாகி, காற்றுத் துவாரத்தால் கசியத் தொடங்கும். பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு. சலவைத் தூள் வேண்டவே வேண்டாம்: அது திரவத்தைவிடக் கூடிய காரம், காரம் அமோனியாவை வெளியே தள்ளும், கரையாத தூள் அடியில் கட்டியாகவும் நிற்கும். அப்பச்சோடாவின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். அது குளிர்சாதனப் பெட்டியின் புளித்த மணத்தைப் போக்குவது அமில வாயுக்களைப் பிடிப்பதால். நம்முடைய முதல் எதிரியோ காரம். சித்திரிக் அமிலமும் அப்பச்சோடாவும் சேர்ந்து பொங்குவதைப் பார்த்து 'நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்வோர் உண்டு. அந்தப் பொங்கலில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது உப்புத் தண்ணீரும் கரியமில வாயுவும்.

ஹார்பிக் போன்ற கழிப்பறைத் துப்புரவுத் திரவங்கள் பீங்கானுக்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றில் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கிறது. பீங்கான் அதைத் தாங்கும்; உங்கள் கழிப்பறையில் தாங்கியின் வாயை அடைக்கும், இழுத்துத் திறக்கும் தகட்டு மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் வளையமும் உள்ளே இருக்கும் உலோகச் சுருளும் தாங்கமாட்டா. குளோரீன் வெளிற்றித் திரவங்கள் அதைவிட ஆபத்தானவை: அமோனியாவுடன் சேர்ந்தால் குளோரமைன் வாயுவையும், அமிலத்துடன் சேர்ந்தால் குளோரீன் வாயுவையும் தரும். இரண்டு சதுர மீற்றர் இடமுள்ள மூடிய அறையில் இவற்றில் எது எழுந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரலாம். கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பினாயிலும் கிருமிநாசினித் திரவங்களும் நாற்றத்தை மறைக்கும். ஆனால் அவை கடைசியில் போய்ச் சேரும் மலக்குழியில் உள்ள பற்றீரியாக்களையும் தாக்கும். முகம் கழுவும் தொட்டியில் போடுகிற பூச்சி உருண்டையை வானுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதன் ஆவி பிள்ளைகளுக்கு நல்லதன்று, பிளாஸ்டிக்குக்கும் நல்லதன்று. கறுவா எண்ணெய், சிற்றொனெல்லா எண்ணெய் முதலிய நம் ஊர் வாசனை எண்ணெய்களை ஒரு துணியில் இரண்டு துளி விட்டுக் கதவருகே தொங்கவிடலாம். தாங்கிக்குள் ஊற்றினால் சில வகைப் பிளாஸ்டிக்கை அவை இளக்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் எதை ஊற்றுவது என்பதைவிட அது கூடிய பலன் தரும். தாங்கிக்குள் போகும் சிறுநீரைக் குறையுங்கள். பகலில் எரிபொருள் நிலையங்களிலும் உணவகங்களிலும் உள்ள மலசலகூடங்களைப் பாவிப்பதும், இரவில் ஆண்கள் வாய் அகன்ற, இறுக்கமான மூடியுள்ள கலன் ஒன்றைத் தனியாகப் பாவிப்பதும் தாங்கியின் சுமையை ஏறத்தாழ பாதியாக்கும். சிறுநீரும் மலமும் கலக்காவிட்டால் யூரியாவை உடைக்கும் பற்றீரியா சிறுநீருக்குள் சேர்வதும் குறையும். இரண்டுமே மெதுவாகத்தான் நாறும். கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிடாமல், மூடியில் துளையிட்ட அரை லீற்றர்ப் போத்தலைப் பாவித்தால் தண்ணீர் பாதியாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது கொஞ்சம் சிரமம்; இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

அடுத்தது காற்று. ஜெர்மனியில் செய்யப்படும் ஒரு வகை அமைப்பில், தகட்டு மூடியைத் திறந்ததும் சிறு விசிறி ஒன்று ஓடி, தாங்கியின் காற்றை உறிஞ்சி, கரி வடிகட்டி வழியாக வெளியே விடுகிறது. நாற்றம் மேலே வருவதற்குப் பதிலாக அறைக் காற்று கீழே இழுக்கப்படுகிறது. அதைப் பொருத்தியவர்களில் பலர் எந்தத் திரவமும் இல்லாமலே சமாளிக்கிறார்கள். அந்த வடிகட்டியில் இருப்பது உயிர்ப்பூட்டிய கரி. தேங்காய்ச் சிரட்டையில் இருந்து அதைச் செய்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. ஆகவே இதற்காகவும் மைத்துனரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக்கு விற்கும் 12 வோல்ற்று விசிறி ஒன்று, ஒரு முழம் குழாய், மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் கரி ஒரு பைக்கற் ஆகியவற்றைக் கொண்டு நான் செய்தது இரண்டு வருடமாக ஓடுகிறது. விசிறி இரண்டு வோற்றுக்கு மேல் எடுப்பதில்லை. அடுப்பில் எரிந்த சாதாரணச் சிரட்டைக்கரியையும் போட்டுப் பார்த்தேன். அது மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது.

நுவரெலியா போகும்போது ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அந்த நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் இறுக மூடிய தாங்கிக்குள் இருக்கும் காற்று அங்கே போனதும் வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும்; போதாக்குறைக்குக் கழிவில் பிறந்த வாயுவும் சேரும். என் முதற்பயணத்தில் அதிகாலை பாவித்து மூடிய தாங்கியை மாலையில் நுவரெலியாவில் திறந்தேன். தகடு அரை அங்குலம் நகர்ந்ததும் உள்ளே இருந்தது மேலே பீறிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, குளிரில் நின்றபடி கூரையையும் கழுவினேன். பிழை என்னுடையதுதான்: தாங்கியில் காற்றை வெளியேற்றும் பொத்தான் இருந்தது, கைநூலில் அதுபற்றி எழுதியும் இருந்தது. தகட்டைத் திறக்கு முன் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். மலை ஏறும் நாளில் தாங்கியை வெறுமையாகவே கொண்டுபோவது இன்னும் நல்லது. கருப்பஞ்சர்க்கரைப் பாகு சேர்த்த நுண்ணுயிர்க் கரைசல்களை இப்படிப்பட்ட பயணத்தில் தாங்கிக்குள் ஊற்ற வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அவை நொதித்து வாயுவைக் கூட்டும். ஒக்கினாவாவில் தெருவோ ஹிகா உருவாக்கிய ஈஎம் கரைசலை நம் நாட்டிலும் பலர் தோட்டத்துக்கும் குழிக்கும் பாவிக்கிறார்கள். அதிலுள்ள இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகித் தாங்கியைப் புளிக்கச் செய்யப் பல நாட்கள் வேண்டும். உங்கள் தாங்கிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

இறப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்பது நம்மவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறைந்துவிடும். கொழும்பில் வழுக்கிய தகடு நுவரெலியாவில் மெழுகு பிடித்ததுபோல் இறுகும். சில வாரங்களில் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுத்துத் தூசியையும் பிடிக்கும். வசிலின் போன்ற பெற்றோலியப் பசைகள் இறப்பரை ஊதச் செய்யும். சிலிக்கோன் தெளிப்பான் ஒன்றுதான் இங்கே சரியான பொருள். அதில் வீட்டுப் பொருள் தேடி மிச்சம் பிடிக்காதீர்கள்.

மேல் தாங்கியில், அதாவது இறைக்கும் தண்ணீரில், எதையும் சேர்க்கத் தேவையில்லை. இந்தத் தாங்கிக்கென்று விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்துக்குப் பதிலாகத் துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றும் வழக்கம் வெளிநாட்டில் உண்டு. நம் வெப்பத்தில் அது வழுவழுப்பாகப் படிந்து, இறைக்கும் பம்பியை அடைக்கிறது. கொழும்புத் தண்ணீர் களனி ஆற்றில் இருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வரும் மென்னீர். அதில் சுண்ணாம்பு படிவது குறைவு. யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை நிரப்பினால் நிலைமை வேறு. அது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய வன்னீர். திரும்பி வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலம் கரைத்த தண்ணீரை இரு தாங்கிகளிலும் ஓரிரவு விட்டு அலசினால் படிவு போய்விடும். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்தால் தகடு பிறகு ஒருபோதும் சரியாக மூடாது.

தண்ணீரே இல்லாத முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வான் வாழ்க்கை நடத்துவோர் பலர் சிறுநீரை முன்னால் பிரித்தெடுக்கும் இருக்கையின் கீழ் வாளி வைத்து, அதில் தும்புத்தூள் போட்டுப் பாவிக்கிறார்கள். அந்தத் தும்புத்தூளில் ஒரு பகுதி நம் நாட்டில் இருந்து கட்டியாக அழுத்தி ஏற்றுமதியாவது. நமக்கு அது மிக மலிவு, நாற்றத்தையும் ஈரத்தையும் நன்றாகப் பிடிக்கும், இலையானும் குறைவு. ஆனால் கழுவும் பழக்கம் உள்ள குடும்பத்துக்கு அந்த வாளி இரண்டு நாளில் சேறாகிவிடும். கழுவுவதை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ள இணங்கினால் மட்டுமே அது சரிவரும். வாளியில் இருப்பதை உரமென்று எண்ணித் தோட்டத்தில் கொட்டவும் கூடாது. வட்டப்புழு முட்டைகள் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். நம்முடையதைப் போன்ற வெப்பநிலையில் ஒரு வருடத்துக்கு மேல் சேமித்து வைத்த பின்பே அதை மண்ணில் சேர்க்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வழிகாட்டலின் அளவு.

வெறுமையாக்கும் இடம்தான் நம் நாட்டில் உண்மையான சிக்கல். இங்கிலாந்தில் முகாம் நிலங்களில் இதற்கென்றே தொட்டிகள் உண்டு. இங்கே உங்களுக்குக் கிடைப்பது உறவினர் வீட்டு மலசலகூடமோ தங்குமிடத்தின் மலசலகூடமோதான். முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். கையுறை போட்டு, மூன்று தடவையாக மெதுவாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விடுங்கள். கடைசியில் இடத்தையும் கழுவிக் கொடுங்கள். நீங்கள் போட்டது சித்திரிக் அமிலமும் கொஞ்சம் சலவைத் திரவமும்தான் என்றால், வீட்டுக்காரரிடம் அதை மனச்சாட்சியோடு சொல்லலாம். ஒரு குடும்பத்தின் சலவைத் தண்ணீரைத் தாங்கும் குழிக்கு அது ஒரு சுமையே அன்று. வெள்ளவத்தைக் கால்வாயும் தெருவோர மழைநீர்க் கானும் இதற்கான இடங்கள் அல்ல, நள்ளிரவானாலும் அல்ல. யாழ்ப்பாணத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மக்கள் குடிக்கும் தண்ணீர் காலடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்தான் நிற்கிறது. மண்ணில் ஒரு குழி தோண்டிக் கொட்டினால் அது வடிகட்டப்படாமலே யாரோ ஒருவருடைய கிணற்றை எட்டலாம். பச்சைத் திரவங்களில் இருப்பதுபோல் நைத்திரேற்று உரத்தைக் கரைத்து ஊற்றலாமே என்று விவசாயம் தெரிந்த நண்பர் ஒருவர் கேட்டார். கூழ்முட்டை நாற்றத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஏற்கெனவே உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் உள்ள குடாநாட்டுக்கு அதைச் சுமந்துகொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் மீதமிருக்கும் அரைப் போத்தலைப் பற்றி. லேபலில் போமல்டிகைட்டு அல்லது அதைப் போலவே பற்றீரியாவைக் கொல்லும் புரோனோபோல் என்று இருந்தால் அதைக் குழி உள்ள வீடுகளுக்கான இந்தப் பயணத்தில் பாவிக்காதீர்கள். குழிகளுக்குத் தீங்கில்லை என்று எழுதியிருந்தால், காலி செய்ய இடம் கிடைக்காமல் மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போகும் சந்தர்ப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதுவாயினும் வந்த போத்தலிலேயே இருக்கட்டும். இடம் மிச்சம் என்று குடிபானப் போத்தலுக்கு மாற்றிவிடாதீர்கள். அதன் நீலம் சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு நன்றாகவே இனிக்கும்.